ஏறிய மலையும் எழுதிய மலையும்: வாசகர் கேள்வி–பதில்

மலையேற்ற நினைவுகளையும் மலைகளைப் பற்றிய நூல்களையும் குறித்து வந்த கடிதங்களில், ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். கடிதங்கள் நீளமானவை என்பதால் கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் நண்பர்களுடன் வெள்ளியங்கிரி ஏறினேன். வழுக்குப்பாறையில் கால் நடுங்கியது. இறங்கும்போது முழங்கால் வீங்கி, அழாத குறையாக வந்து சேர்ந்தேன். "இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று பூண்டி அடிவாரத்தில் உட்கார்ந்து சொன்னவனும் நான்தான். இப்போதோ அதுதான் என் வாழ்க்கையிலேயே நல்ல இரவு என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நினைவு என்னை ஏமாற்றுகிறதா?
— வாசகர், கோயம்புத்தூர்

ஏமாற்றுகிறது என்று சொல்ல மாட்டேன். உங்களைக் கேட்காமலே கொஞ்சம் திருத்தி வைத்திருக்கிறது. இது உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. 1997-இல் அமெரிக்க உளவியலாளர்கள் சிலர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கலிபோர்னியாவில் மூன்று வாரம் மிதிவண்டியில் பயணம் செய்தவர்களிடம் புறப்படும் முன்பும், வழியிலும், திரும்பி வந்த பிறகும் கருத்துக் கேட்டார்கள். வழியில் இருந்தபோது மழையையும் களைப்பையும் பற்றி அலுத்துக்கொண்டவர்கள், வீடு திரும்பிய சில நாள்களிலேயே அதே பயணத்தை மனநிறைவோடு பேசத் தொடங்கிவிட்டார்கள். கசப்பான நிகழ்ச்சியோடு ஒட்டியிருக்கும் உணர்ச்சி, இனிய நிகழ்ச்சியோடு ஒட்டியிருப்பதைவிட விரைவில் மங்கிவிடுகிறது என்பதும் உளவியலில் பலமுறை சோதித்துப் பார்க்கப்பட்ட செய்தி. உடல்வலியின் இயல்பும் இதற்குத் துணைபோகிறது. முழங்கால் வலித்தது என்ற செய்தி உங்களுக்கு நினைவிருக்கிறது. அந்த வலியை இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடி மறுபடி உணர முடியாது. அன்று பார்த்த நிலவையோ, கைதட்டிச் சுனைத் தண்ணீரின் குளிர்ச்சியையோ ஓரளவு மீட்டுக்கொள்ள முடிகிறது. இந்த ஏற்றத்தாழ்வு ஒன்றே கணக்கை நல்ல பக்கம் சாய்த்துவிடும்.

ஆனால் இது பாதி விடைதான். நினைவு இனிப்பது வேறு, வளம் பெறுவது வேறு. கசப்பு கழிவதால் இனிமை வந்துவிடும். வளமோ, புதிதாக ஏதாவது சேர்ந்தால்தான் வரும். நீங்கள் முதல்முறை ஏறியபோது அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. முதல் மலையின் படிகள் இத்தனை உயரமா என்று திகைத்திருப்பீர்கள். மேலே இருட்டில் வரிசையாக நகர்ந்த டார்ச் விளக்குகளைப் பார்த்து, இன்னும் அவ்வளவு தூரமா என்று மனம் தளர்ந்திருப்பீர்கள். இன்றைக்கு ஏழு மலையும் தெரிந்த ஒருவராக அந்த இரவை நினைக்கிறீர்கள். இடையில் வேறு மலைகள் ஏறியிருக்கலாம். உடன் வந்தவர்களில் ஒருவர் இப்போது வெளிநாட்டில் இருக்கலாம், ஒருவர் உயிரோடே இல்லாமல் போயிருக்கலாம். உங்கள் மகனுக்கு இப்போது அன்றைய உங்கள் வயதாகியிருக்கலாம். கல்லில் மூங்கில் கம்பு தட்டிய ஓசையைக் கேட்டவர் அன்று இருந்த நீங்கள். அந்த ஓசைக்கு இன்றுள்ள பொருள் முழுவதும் பிறகு வந்து சேர்ந்தது. அதைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை. பலரோடு போன பயணத்தைப் பலமுறை பேசித் தீர்க்கும்போது, அடுத்தவர் கண்டது நம் கணக்கில் ஏறிவிடுவது உண்டு. இருநூறு மீட்டர் தொலைவில் நின்ற யானை ஒவ்வொரு கல்யாண வீட்டுப் பந்தியிலும் பத்து மீட்டர் நெருங்கி வந்ததை நான் கேட்டிருக்கிறேன்.

கேள்வி: மலை நூல்கள் பலவும் நிகழ்ச்சி நடந்து பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டவையாக இருக்கின்றன. இவ்வளவு காலம் கழித்து எழுதுவதை எப்படி நம்புவது? உடனுக்குடன் எழுதியதே உண்மையாக இருக்கும் அல்லவா?
— கல்லூரி மாணவி, மதுரை

எதற்காக நம்பப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் இருக்கும், எந்தச் சரிவில் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கெல்லாம் பழைய நினைவை நம்பக்கூடாது. அன்றன்றைக்கு எழுதிய குறிப்பும் புதிய வரைபடமும்தான் கைகொடுக்கும். ஒரு மலை மனிதனுக்குள் என்ன செய்கிறது என்பதை அறிய வேண்டுமானால், தாமதமாக எழுதப்பட்டதையே நான் தேடிப் போவேன். இரண்டு ஸ்காட்லாந்து நூல்களைச் சான்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, டபிள்யூ. எச். மர்ரி எழுதிய 'மவுண்டனியரிங் இன் ஸ்காட்லாந்து'. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் இருந்த மர்ரி, 1942-இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் சிறைபிடிக்கப்பட்டார். முதலில் இத்தாலியிலும் பிறகு ஜெர்மானியர் வசத்திலும் போர்க் கைதியாக இருந்த ஆண்டுகளில், போருக்கு முன் தாம் ஏறிய ஸ்காட்லாந்துப் பாறைகளையும் பனிச்சரிவுகளையும் பற்றி, கிடைத்த ஒரே தாளான கழிப்பறைத் தாளில் எழுதினார். எழுதி வைத்திருந்ததை நாஜி ஜெர்மனியின் ரகசியக் காவல்படையான கெஸ்டாபோ கண்டுபிடித்து அழித்தது. உடனிருந்த கைதிகள் வியக்க, மனிதர் முதலிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினார். நூல் 1947-இல் வெளிவந்தது. அரைவயிற்று உணவோடு முள்வேலிக்குள் இருந்தவருக்குப் பனிக்கோடரி பதிந்த விதமும், மாலை வெளிச்சம் பாறையில் விழுந்த நிறமும் அவ்வளவு நுணுக்கமாக எப்படித் திரும்பி வந்தன என்று வாசிப்பவர்கள் வியப்பார்கள். எனக்கு அதில் வியப்பு குறைவு. வெளியே இருந்திருந்தால் அடுத்த வாரம் இன்னொரு பாறை ஏறியிருப்பார். பழையது அடியில் போயிருக்கும். சிறையில் அவருக்குப் போவதற்கு வேறு மலை இல்லாததால், ஏறியதையே திரும்பத் திரும்ப ஏற வேண்டியிருந்தது.

இரண்டாவது நூல் நேன் ஷெப்பர்டின் 'தி லிவிங் மவுண்டன்'. அபர்தீன் நகரத்தை ஒட்டிய ஊரில் வாழ்ந்து, அங்கே ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஷெப்பர்ட், இளமையிலிருந்தே கெய்ர்ங்கார்ம் மலைகளில் நடந்தவர். போரின் கடைசி ஆண்டுகளில் இந்தச் சிறிய நூலை எழுதி முடித்தார். அதன் பிறகு கையெழுத்துப் படி மேசை இழுப்பறையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கிடந்தது. அபர்தீன் பல்கலைக்கழக அச்சகம் அதை 1977-இல் வெளியிட்டபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. இன்று ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் ஐந்து பவுண்டு நோட்டில் அவர் முகம் இருக்கிறது. 1977-இல் பழைய எழுத்தை எடுத்துப் படித்துப் பார்த்தவர், அதைக் காலத்துக்கேற்பப் புதுக்க முனையவில்லை. முன்னுரை ஒன்றை மட்டும் புதிதாக எழுதினார். மலையின் ஆயுளில் முப்பது ஆண்டு கண்ணிமைப்பொழுதுதான் என்று அதில் சொல்லிவிட்டு, அந்த இமைப்பொழுதுக்குள் புல்டோசர்களும் பனிச்சறுக்கு மின்தூக்கிகளும் வந்து என்னென்ன மாறிவிட்டன என்பதையும் சொல்கிறார். இந்த முன்னுரையைப் படித்துவிட்டு நூலுக்குள் போகும் வாசகருக்கு, எழுதிய நாளில் அதில் இல்லாத ஒரு கனம் கிடைக்கிறது.

கேள்வி: கல்லூரிக் காலத்தில் படித்து அலுப்பூட்டிய மலை நூல் ஒன்று, ஐம்பது வயதில் படிக்கும்போது கீழே வைக்க முடியாததாக இருக்கிறது. நூல் அதேதான். என்ன நடந்தது?
— வாசகர், திருநெல்வேலி

நடந்தது நீங்கள்தான், அதாவது இடைப்பட்ட காலத்தில் மலைகளில் நடந்திருக்கிறீர்கள். இளைஞர்கள் இவ்வகை நூல்களில் உச்சியைத் தேடுகிறார்கள். யார் முதலில் ஏறினார், யார் விழுந்தார் என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். மேலே சொன்ன ஷெப்பர்டின் நூல் அப்படிப்பட்டவர்களுக்கு ஒத்துவராது. அதில் பீடபூமி, நீர், உறைபனி, காற்றும் ஒளியும், தூக்கம், புலன்கள் என்று அத்தியாயங்கள் போகுமே தவிர, கொடி நாட்டும் காட்சி எதுவும் வராது. தாமும் தொடக்கத்தில் உயரத்தின் கிறக்கத்துக்காகவே போனதாகவும், பிறகுதான் காரணம் எதுவும் இல்லாமல், நண்பர் ஒருவரோடு சும்மா இருந்துவிட்டு வருவதுபோல மலையிடம் போகப் பழகியதாகவும் அவரே சொல்கிறார்.

அந்த நூலில் ஓர் இடம். ஆவன் ஏரியில் ஷெப்பர்டும் தோழி ஒருவரும் கோடைக்கால வெளிச்சத்தில் இறங்கி நடக்கிறார்கள். தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடியில் உள்ள ஒவ்வொரு கல்லும் தெரிகிறது. இடுப்பளவு நீரில் நடந்துகொண்டே குனிந்து பார்த்தால், காலுக்கு முன்னே தரை அறுந்து, ஏரியின் ஆழம் நேர்கீழே இறங்குகிறது. இருவரும் விளிம்பில் நிற்கிறார்கள். இருபது வயதில் இதைப் படித்தால், ஏரியில் இறங்கினார்கள், திரும்பி வந்தார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் தேறாது. மலைச் சுனையில் முழங்கால் மரத்துப்போக நின்று, அடுத்த அடி வைக்கத் தயங்கிய அனுபவம் ஒன்று உங்களுக்குள் கிடந்தால், அதே பத்தி உள்ளங்காலைக் கூச வைக்கும். இதன் மறுபக்கமும் உண்மை. இப்படியொரு பத்தியைப் படித்த பிறகு, உங்கள் சொந்தச் சுனையில் அதுவரை கவனிக்காதிருந்த தண்ணீரின் நிறமும் அடியில் கிடந்த கல்லும் நினைவுக்கு வரும்.

எனவே நல்ல மலை நூலைப் பயணத்துக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் படியுங்கள் என்பேன். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்குமென்றால் பின்னதே மேல்.

கேள்வி: இப்போது எல்லாரும் செல்போனில் நூற்றுக்கணக்கில் படம் எடுத்துக்கொண்டு வருகிறோம். நினைவுக்கு அது போதாதா? நாள்குறிப்பு எழுதச் சொல்கிறீர்களே?
— வாசகர், சென்னை

படம் எடுங்கள், குறை சொல்லவில்லை. ஆனால் படத்தில் நிற்பவை பெரும்பாலும் உச்சியும் சிரித்த முகங்களும்தான். எந்த இடத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்தீர்கள், அட்டைப்பூச்சிக்கு யார் உப்பு கொடுத்தார், மழைக்குப் பின் மண் எப்படி மணந்தது, இறங்கி வந்ததும் கடையில் முதலில் என்ன கேட்டு வாங்கினீர்கள் என்பவை அதில் ஏறுவதில்லை. அன்றிரவே பத்து வரி எழுதினால் போதும். அழகாக எழுத முயலாதீர்கள். அழகு தானாக வரக் காலம் இருக்கிறது, விவரம் மட்டும் மறுநாளே ஓடிவிடும்.

கேள்வி: எல்லாம் ஆங்கில நூல்களாகவே சொல்கிறீர்கள். மலைநடை பற்றித் தமிழில் சொல்ல எதுவும் இல்லையா?
— தமிழாசிரியர், திருவண்ணாமலை

உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறதே, ஐயா! பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்தபடி நீளமான மலைபடுகடாம், 583 அடிகளில் ஒரு மலைவழியைத்தான் சொல்கிறது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது; பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன்; அவனுடைய ஊராகிய செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிர மலையை, இரும்புச் சங்கிலியைப் பிடித்து மக்கள் ஏறும் இன்றைய பர்வதமலையாகக் கொள்கிறார்கள்.

அதன் அமைப்பைப் பாருங்கள். நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். அவன் நடந்து முடித்துவிட்டவன். கேட்பவர்கள் இனிமேல்தான் நடக்க வேண்டும். தினைப்புனத்தைக் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், அது பட்டால் உயிர் போகும், மரங்களை மறைவாகக் கொண்டு போங்கள் என்கிறான். பன்றிக்காக வைத்த பொறிகள் இருக்கும் வழியில் இருட்டோடு போகாதீர்கள், விடிந்தபின் போங்கள் என்கிறான். பாசி படிந்து காலை வழுக்கும் இடத்தில் மூங்கில் கோலையும் எருவைக் கோரையையும் பற்றிக்கொண்டு கடக்கச் சொல்கிறான். குறவர் குடிக்குப் போனால் வாசலில் தயங்கி நிற்காமல் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல நுழையலாம் என்று விருந்தையும் சொல்கிறான். இத்தனைக்கும் நடுவில், மலையில் எழும் ஓசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் நீண்ட பகுதி வருகிறது: அருவி, அடிபட்ட யானை, புலியால் புண்பட்ட கணவனுக்காகக் குறத்தியர் பாடும் பாட்டு, தினை குற்றும் உலக்கைப் பாட்டு என்று போகிறது. வழிகாட்ட இவற்றில் பாதி தேவையே இல்லை. போய்வந்தவனுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை; அவ்வளவுதான்.

உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்ததால்தான் இன்று இது எளிதாகக் கிடைக்கிறது. உங்கள் மாணவர்களைப் பர்வதமலைக்கு அழைத்துப் போய்வந்து, அதற்கு அடுத்த வாரம் இந்தப் பாட்டை வகுப்பில் எடுத்துப் பாருங்கள். தேர்வுக்கு முன் எடுப்பதைவிட அது பலன் தரும்.

கேள்வி: எனக்கு 72 வயது. முழங்கால் தேய்மானத்தால் மருத்துவர் மலைப்பக்கமே போகக்கூடாது என்றுவிட்டார். இனிப் புத்தகத்தில் மட்டும் மலை ஏறுவது என்னை நானே தேற்றிக்கொள்வதாகத் தோன்றுகிறது. உங்கள் கருத்து?
— ஓய்வுபெற்ற அரசு ஊழியர், குன்னூர்

தேற்றிக்கொள்வதில் தவறென்ன? அதையே நோக்கமாக வைத்து ஒருவர் ஏழு நூல்கள் எழுதியிருக்கிறார். அவரும் உங்களைப்போல அலுவலகத்தில் பணியாற்றியவர் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

ஆல்ஃபிரெட் வெய்ன்ரைட் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் என்னும் நெசவாலை நகரில் 1907-இல் பிறந்தவர். 1930-இல் விடுமுறைக்கு, இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள மலைப்பகுதியான ஏரி மாவட்டத்துக்குப் போய், ஆரஸ்ட் ஹெட் என்ற சிறு குன்றின் மேலிருந்து அந்த மலைகளை முதன்முறையாகக் கண்டார். பிறகு அருகிலுள்ள கெண்டல் நகராட்சியின் கணக்குப் பிரிவில் வேலை தேடிக்கொண்டு அங்கேயே குடியேறினார். 1952-இல் ஒரு வேலையைத் தொடங்கினார்: அப்பகுதி மலைகள் ஒவ்வொன்றுக்கும் ஏறும் வழிகள், உச்சியிலிருந்து தெரியும் காட்சி, படம் என எல்லாவற்றையும் தம் கையாலேயே வரைந்து எழுதுவது. கார் கிடையாது, வார இறுதிகளில் பேருந்தில் போய் ஏறுவார். எடுத்த புகைப்படங்களை வைத்துக்கொண்டு மாலை வேளைகளில் பேனாவால் வரைவார். ஏறத்தாழ நூறு பக்கம் முடித்த நிலையில், வரிகளின் வலப்பக்க ஓரம் ஒரே நேர்க்கோட்டில் அமையவில்லை என்று அத்தனையையும் ஒதுக்கிவிட்டு மறுபடி எழுதினார் என்பதிலிருந்தே ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரியும். ஏழு தொகுதிகள் 1955 முதல் 1966 வரை வெளிவந்தன. மொத்தம் 214 மலைகள். அச்சு எழுத்து இல்லாமல் அவருடைய கையெழுத்தே அப்படியே அச்சாகியது.

இவையெல்லாம் முதலில் விற்பனைக்காகத் தொடங்கியவை அல்ல. வயதாகி நடக்க முடியாமல் போகும் காலத்தில் தாம் எடுத்துப் புரட்டி, மலைகளில் மறுபடி உலவி வரவே இவற்றை உருவாக்கியதாக அவர் சொன்னார். முதுமையில் அவருக்குக் கண்பார்வையும் மங்கிவிட்டது என்பது இதில் உள்ள கொடுமை. ஆனால் அந்தப் பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் லட்சக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தார்கள். 1991-இல் அவர் இறந்தபின், விரும்பியபடியே அவருடைய சாம்பல் ஹேஸ்டாக்ஸ் மலையின் மேலுள்ள சிறு ஏரிக்கரையில் தூவப்பட்டது. அந்தப் பக்கம் வருபவர்கள் காலணிக்குள் ஏதேனும் துகள் உறுத்தினால் கொஞ்சம் மரியாதையோடு நடத்துங்கள், அது நானாகவும் இருக்கலாம் என்று அவர் முன்பே வேடிக்கையாக எழுதியிருந்தார்.

நீங்கள் குன்னூரில் இருப்பவர். பல ஆண்டுகள் நடந்த பாதைகளை வழிவழியாக எழுதி வைக்கத் தொடங்குங்கள்: எந்தச் சோலைக்குள் எந்தப் பக்கமாக நுழைந்தீர்கள், அந்நாளில் எங்கே தேயிலை முடிந்து புல்வெளி தொடங்கியது, இப்போது அங்கே என்ன கட்டடம் நிற்கிறது. இன்றைக்கு ஏறுகிற இளைஞருக்கு இதில் ஒன்றும் தெரியாது. மருத்துவர் இதைத் தடுக்க மாட்டார்.

கேள்வி: குரங்கணியிலிருந்து கொழுக்குமலை ஏறியபோது கண்ட சூரிய உதயம் இன்றும் கண்முன் நிற்கிறது. அண்மையில் பழைய நாள்குறிப்பைத் தேடி எடுத்தேன். அதில் "விடியலில் முழுக்க மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது! எதை நம்ப? குறிப்பைத் திருத்தலாமா?
— வாசகி, திண்டுக்கல்

குறிப்பைத் தொடாதீர்கள். வேறொரு பயணத்தில் கண்ட உதயம் இந்தப் பயணத்தில் வந்து ஒட்டியிருக்கலாம். உடன் வந்தவர் சொன்னதோ, பிறகு பார்த்த படமோகூடக் காரணமாக இருக்கலாம். உங்களுக்கு நேர்ந்ததைவிடப் புகழ்பெற்ற முரண் ஒன்று உண்டு. நம்மில் பலர் பள்ளியில் மனப்பாடம் செய்த வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் பூக்கள் கவிதையில், கவிஞர் மேகம்போலத் தனியாக அலைகிறார். உண்மையில் 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அந்தப் பூக்களைக் கண்டபோது தங்கை டாரதி உடன் நடந்துகொண்டிருந்தார். டாரதியின் நாள்குறிப்பில் மூச்சை அடைக்கும் பெருங்காற்று வீசுகிறது, ஏரி கொந்தளிக்கிறது, சில பூக்கள் களைத்துப்போய்க் கற்களைத் தலையணையாக வைத்துச் சாய்ந்திருக்கின்றன. கவிதையிலோ காற்று இளங்காற்றாகிவிடுகிறது, தங்கை காணாமல் போகிறார். அதை அவர் எழுதியது 1804-இல், அச்சானது 1807-இல், பூக்களை விண்மீன்களோடு ஒப்பிடும் பகுதி 1815-இல்தான் சேர்ந்தது. அகக்கண்ணைப் பற்றிய, எல்லாரும் மேற்கோள் காட்டும் இரண்டு வரிகள் மனைவி மேரி தந்தவை. ஓர் ஏப்ரல் நாள் நடையில் பதின்மூன்று ஆண்டுகளும் இன்னொருவர் சொற்களும் வந்து கலந்திருக்கின்றன.

டாரதி எழுதி வைத்திராவிட்டால் என்ன சேர்ந்தது, என்ன கழிந்தது என்று நமக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. என் தனிப்பட்ட விருப்பம் கல்லில் தலைசாய்த்த பூக்கள்தான். அதற்காகக் கவிதையை விட்டுக்கொடுக்கச் சொன்னால் சம்மதிக்க மாட்டேன்.

ஆகவே பழைய பக்கம் அப்படியே இருக்கட்டும். எதிர்ப்பக்கத்தில் இன்றைய தேதியிட்டு, இப்போது உங்கள் கண்முன் நிற்கும் உதயத்தை எழுதுங்கள். அன்று உடன் வந்தவர் யாரையாவது தொலைபேசியில் பிடிக்க முடிந்தால், உங்கள் கதையைச் சொல்வதற்கு முன்பே அவருக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்டு, அதையும் அவர் பெயரோடு கீழே சேர்த்துவிடுங்கள்.